மைனஸ் நாற்பது

விர்ரென்று வெளியே ஏதோ சுற்றத் தொடங்கியது. இருட்டி அதிக நேரம் ஆகவில்லை, மாதா கெபியில் ஜெபமாலை முடிந்து ஒலிபெருக்கி அடங்கியிருந்தது, அந்த அமைதியின் மேல் உப்பளத்துக் காற்று வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் இந்தச் சத்தம். என் காதுக்குள் என்றுதான் முதலில் நினைத்தேன், இனிகோவுக்கு உடம்பு சுடுகிற நாட்களில் என் காதுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மிக்ஸியா. மிக்ஸியை யார் போடுவார்கள், வீட்டில் நானும் மூன்று வயசுப் பிள்ளையும்தான், அவன் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். மின்விசிறியும் இல்லை, குளுருதும்மா என்று அவன் பல் அடிக்கச் சொன்னதால் நான்தான் நிறுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. நான் தாழ்ப்பாள் போடாத கதவுக்கு அந்தப் பக்கம், போர்ட்டிகோவில், அங்கே கார் மட்டும்தான் நிற்கிறது, காரின் சாவி என்னிடம் இருக்கிறது, பூட்டிய காருக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள். நின்றது. அப்பாடா. மறுபடியும் விர்ர். தாழ்ப்பாள் போடாமல் தூங்கப் பழகியது போன காய்ச்சலுக்குப் பிறகுதான். அன்றைக்கு என் மடியிலேயே அவன் கண் மேலே செருகிக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தபோது, அவனை ஒரு தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு ஓடினேன், தாழ்ப்பாள் நகரவில்லை. உப்புக்காற்று தின்ற இரும்பு, ஒற்றைக் கைக்கு அடங்கவில்லை, குத்தினேன், இழுத்தேன், என் ஆண்டவரே என் ஆண்டவரே என்றேன், கடைசியில் திறந்தது, கார் ஒரே சாவியில் உறுமியது, உப்பளச் சாலையில் பாதி தூரம் போய் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு குலுக்கல் குலுக்கிச் செத்துப்போனது. ஒரு உப்பு லாரிக்காரர் எங்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது பிள்ளை பிஸ்கட் கேட்டான். சாதாரண ஜுர வலிப்புதாம்மா, காய்ச்சல் சட்டுனு ஏறும்போது சில பிள்ளைகளுக்கு வரும், வளர வளரப் போயிடும், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா உடனே தூக்கிட்டு வந்துடுங்க என்றார் டாக்டர். தூக்கிட்டு வந்துடுங்க. எதில்? அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடுவதில்லை, திருடன் வந்தால் வரட்டும், பிள்ளையோடு ஓடும்போது எனக்கு முன்னால் ஒரு இரும்பு நிற்கக்கூடாது. ஒரு பயத்தைக் குறைக்க இன்னொரு பயத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். அதுதான் இப்போது வெளியே சுற்றுகிறதோ.

ஜன்னல் வழியே பார்த்தேன். கார்தான். உள்ளே ஆள் இல்லை, விளக்கு இல்லை, முன்பக்கம் மட்டும் மூடிய பானட்டுக்கு அடியில் சுற்றுகிறது, காரின் சொந்த விசிறி. மருந்துக்கடைக்குப் போய்விட்டு இனிகோவோடு சற்றுமுன்தான் திரும்பினேன், திரும்பும்போதே அது இருமியது, திருப்பத்தில் கறுப்பாய்ப் புகை விட்டது, பெட்ரோல் நாற்றம், நின்றுவிடாதே நின்றுவிடாதே என்று ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே வந்தேன், குதிரையைத் தடவுகிற மாதிரி. இந்தக் கார் என் புருஷன் கிளீட்டஸ் கப்பல் வேலைக்குப் போகுமுன் பழையதாய் வாங்கி, உப்பளச் சாலையில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து, இனி நீ ராணி என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போன கார். நன்றாக ஓடும். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது நிற்கும். ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பும். மெக்கானிக் மச்சாதுவிடம் மூன்று தடவை கொண்டுபோய் விட்டேன். மச்சாது ஓயாமல் பேசுகிறவர், ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் சிஸ்டர் என்பார், அவர் ஒவ்வொரு தடவை சிஸ்டர் என்னும்போதும் ஹாஸ்டல் ஞாபகத்தில் என் முதுகு தானாக நிமிரும். முதலில் பெட்ரோல்ல தண்ணி சிஸ்டர் என்றார். பிறகு பிளக் என்றார். பிறகு பம்ப். பிறகு, "கோவிச்சுக்காதீங்க, நீங்க கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க." அவர் ஓட்டினால் பட்டு மாதிரி ஓடும். நேத்து நின்னுச்சு என்று நான் சொல்வேன், அவர் பரிதாபமாகப் பார்ப்பார், மறுநாள் டாக்டர் அறையில் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டி நேற்று இவன் கண் செருகிவிட்டது என்று நான் சொன்னபோதும் அதே பார்வைதான். நடந்ததற்கு நான் மட்டும் சாட்சி. நான் பொய்யோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியிருந்தது. போன வாரம் மச்சாது தோற்றுப்போனவராய்த் தலையைச் சொறிந்து, "இது சென்சார் வேலைதான் சிஸ்டர், எந்தச் சென்சாருங்கறதுதான் பிடிபடல" என்றார், ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஒன்றைச் சொருகி என் போனில் ஏதோ ஏற்றிக்கொடுத்தார், "என் ஷெட்டுக்கு வந்தா இது நல்ல பிள்ளையாயிடுது. அடுத்த தடவை கிறுக்குப் பண்ணும்போது போன்ல பாருங்க, என்ன காட்டுதுன்னு போட்டோ எடுங்க."

சென்சார். கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷில் வண்டிச் சென்சாருக்கும் தணிக்கை செய்கிற சென்சாருக்கும் எழுத்து வேறு என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன, காது தனக்குப் பழகியதைத்தான் முதலில் கேட்டது. மலைமேல் இருந்த எங்கள் ஹாஸ்டலில் சென்சார் என்றால் ஒரே ஆள், சிஸ்டர் அலோசியா, அவர் இல்லாதபோது நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சென்சார் வருது சென்சார் வருது. வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை ஒட்டாமல் அவர் மேசையில் வைக்கவேண்டும். குளிர் தாங்க முடியவில்லை அம்மா, ராத்திரி பல் அடிக்கிறது என்று எழுதியிருந்தேன். என்னைக் கூப்பிட்டார். "மகளே, இந்த வரியை வாசிச்சு உங்க அம்மா அங்கே இருந்துக்கிட்டு என்ன செய்வாங்க?" அந்த வரியை மாற்றி எழுதினேன், இங்கே இதமான குளிர். கெட்டவர் இல்லை அவர், அன்று ராத்திரி வெந்நீர்ப் பையும் ஒரு கம்பளியும் அவரே கொண்டுவந்து என் கால்மாட்டில் வைத்தார், கடிதத்தில்தான் வைக்கவிடவில்லை. ஆகவே மச்சாது சொன்னதும் எனக்கு என்ஜினுக்குள் தெரிந்தது குட்டிக் குட்டிக் கன்னியாஸ்திரீகள், வெள்ளை உடுப்பில், ஒவ்வொரு குழாய் வாசலிலும் ஒருவர், கீழே என்ஜின் எழுதுவதை வாசித்து, வேண்டாததை அடித்து, மேலே அனுப்புகிறவர்கள். எத்தனை சென்சார் இருக்கும் என்று கேட்டேன், நிறைய என்றார். இந்தச் சிரிப்பான தப்பு ஒரு வாரமாய் என் தலையில் கிடக்கிறது, துரத்தினாலும் போகவில்லை. இப்போது போர்ட்டிகோவில் விசிறி நிற்கிறது, சுற்றுகிறது, நிற்கிறது. யாரோ எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இனிகோ முனகினான். தொட்டேன். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு, உடம்பு முழுக்க நடுக்கம், குளுருதும்மா, இன்னொரு போர்வை. மருந்து கொடுத்தாயிற்று, இறங்கவேண்டும், இறங்கும், இறங்காவிட்டால், ஏறும்போதுதான் வரும் என்றார், இப்போது ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஒரு குழந்தையின் சூட்டுக்கு மாடிப்படி மாதிரி ஏறுபடி இறங்குபடி வெளியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், வருவார்கள், ஆனால் இந்தக் காலனி உப்பளத்துக்கு அந்தப் பக்கம், நடுவில் ரயில் கேட், ஹார்பருக்குப் போகிற சரக்கு வண்டி வந்தால் வருகிறவர்களும் நிற்கத்தான் வேண்டும். இங்கிருந்து ஓடுவதற்கு என்னிடம் இருப்பது இந்த வண்டிதான், தனக்குத்தானே விசிறிக்கொண்டிருக்கும் இந்தப் பைத்தியம்.

"ஏளா ஜொவிட்டா! ஆளில்லாம உன் வண்டி ஓடுது, இசக்கியம்மன் ஏறிட்டாளா?" மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சி அக்கா. உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமந்து சுமந்து கழுத்து தூண் மாதிரி ஆகிப்போன அக்கா, குரலும் அப்படியே. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும். "மாதா படம் மாட்டியிருக்கேன் அக்கா, இசக்கி எப்படி ஏறுவா?" "அவ டிக்கெட் வாங்கிட்டா ஏறுதா? இரு, வாரேன்." கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார், தாழ்ப்பாள் இல்லையே. "இன்னிக்கும் தொறந்துதான் போட்டிருக்கியா? கள்ளன் வந்தா கடுங்காப்பி போட்டுக் குடுப்ப போல." பேசிக்கொண்டே கட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தடியிலும் கை வைத்தார், "சுடத்தான் செய்யுது. மருந்து குடுத்தாச்சுல்லா? சுத்திப் போடலாம்னா ஊரே உப்புலதான் கெடக்கு, இதுல எந்தக் கண்ணு நிக்கும்." இரண்டு போர்வையில் ஒன்றை உருவி எறிந்துவிட்டு மற்றதோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் சாவியை எடுத்தேன். இந்தப் பயத்தை எத்தனை நாளாய்க் கிளீட்டஸிடமிருந்து மறைக்கிறேன், போனில் எல்லாம் நல்லா இருக்கு என்பேன், இங்கே இதமான குளிர், கடல் நடுவில் இருந்துகொண்டு அவன் என்ன செய்வான் பாவம், என்று நினைக்கும்போதே என் வாயில் பேசுவது அலோசியா சிஸ்டர் என்று தெரிகிறது. நான்கு நாளாய் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல் எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ. நான்கு நாள் பேசாதவனை மனசு என்னவெல்லாம் ஆக்குகிறது, அங்கே நிம்மதியாக இருக்கிறான், நாங்கள் பாரம், ஆறிப்போய்விட்டான். போதும். காருக்குள் உட்கார்ந்தேன். என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஒரு கட்டம் திருப்பினேன், தீப்பெட்டியில் ஒரு நீலப்புள்ளி எரிந்தது, போனில் வரிசை வரிசையாக எண்கள் இறங்கின.

வேகம் பூஜ்யம், சுற்று பூஜ்யம், காற்று, வோல்ட், எனக்குப் புரியாத நான்கைந்து, பிறகு தண்ணீரின் சூடு என்று மச்சாது சொல்லிக்கொடுத்த வரி. அதில் மைனஸ் நாற்பது என்று இருந்தது. தப்பாக வாசிக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று எண் எண்பத்து நான்கானது, அந்த நொடியே விசிறி நின்றது. மறுபடியும் மைனஸ் நாற்பது, விர்ர். எண்பத்து நான்கு, அமைதி. இறங்கிப் போய்ப் பானட் மேல் உள்ளங்கையை வைத்தேன், இட்லிச் சட்டி மூடி மாதிரிக் கொதித்தது. "என்னளா அதுல?" "அக்கா, வண்டி கொதிக்குது. ஆனா உள்ள இருக்கற சென்சார் மைனஸ் நாப்பதுன்னு சொல்லுது." "சென்சாரா? தியேட்டர்ல படத்துக்கு முன்னால சர்ட்டிபிகேட் காட்டுவானே, அதா?" ஆமாக்கா, அதுதான், என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அதேதான், கீழே கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறது, மேலே போகும்போது குளிர் என்று மாறிப்போகிறது. "மைனஸ்னா?" "பனிக்கட்டியை விட எவ்வளவோ கீழே." "தூத்துக்குடியிலயா? சவத்த, அதுக்கு ஜன்னில்லா கண்டிருக்கு. ஒடம்பு கொதிக்குது, குளுருதுங்குது. இந்தா இவன மாதிரியே." அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். தோளில் பிள்ளை குளுருது குளுருது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மதிலுக்கு அப்பால் நிலா வெளிச்சத்தில் உப்பு அம்பாரங்கள் வரிசையாகக் கிடந்தன, வெள்ளை வெளேரென்று, ஓலை மூடாத அம்பாரம் ஒன்று பனிமலை என்றே சொல்லலாம், ஹாஸ்டல் காலண்டரில் சுவிட்சர்லாந்து இப்படித்தான் இருக்கும். அந்தப் பனிக்கு நடுவே இந்தக் கார் தன்னை ஒரு பனிதேசத்தில் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பினால் என்ன செய்யும்? குளிரில் விறைத்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டும், ஊட்டுகிறது, மூச்சு முட்டுகிற அளவு ஊட்டுகிறது, கறுப்பாய் இருமுகிறது, நிற்கிறது. பிசகாமல் செய்கிறது, ஒரு அம்மா செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்கிறது, கிடைத்த ஒரே ஒரு பொய்யான வார்த்தையை வைத்துக்கொண்டு. இத்தனை நாள் எனக்கு எதிரி என்று நினைத்தது எவ்வளவு கவனமான ஜீவன்.

ஆனால் விசிறி ஏன்? குளிருகிறது என்று நம்புகிறவன் எதற்கு விசிறவேண்டும், அதுதான் இடித்தது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு மச்சாதுவைக் கூப்பிட்டேன். பின்னால் டிவி சத்தம், பிறகு டிவி அடங்கியது. "சிஸ்டர்! மாட்டிக்கிச்சு சிஸ்டர்! மூணு தடவை என்னைக் கோமாளி ஆக்குச்சே, இந்தச் சுண்டு விரல் தண்டிப் பயதானா?" அவர் பெருமையில் பாதி அவமானம் கலந்திருந்தது, அதனால் சத்தம் கூடுதலாக இருந்தது. "அதுக்குள்ள ஒரு சின்ன மணி சிஸ்டர், மிளகு மாதிரி. சூடு ஏற ஏற அது வழியா கரண்ட் தாராளமா போகும். குளிர்ந்தா குறையும். இப்ப வயரே அந்துபோச்சுன்னு வைங்க, ஒண்ணுமே போகாது. மேல உள்ள கம்ப்யூட்டர் என்ன நினைப்பான்? பேச்சே இல்லையே, அவ்வளவு குளிர் போலன்னு கணக்குப் போடுவான். அவன்ட்ட இருக்கற கடைசி நம்பர் மைனஸ் நாப்பது." பேச்சே இல்லை என்றால் அவ்வளவு குளிர். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "அப்போ விசிறி?" "அதுதான் சிஸ்டர் அழகு. மைனஸ் நாப்பது எந்த ஊர்ல இருக்கு? அவனுக்கே சந்தேகம். நிஜமாவே குளிரா, இல்ல கீழே உள்ளவன் செத்துட்டானா? தெரியல. தெரியாட்டி சும்மா இருக்கக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லி வெச்சிருக்கு. ஒருவேளை கொதிச்சுக்கிட்டிருந்தா? அதனால விசிறிடுவான்." தெரியாதபோது விசிறு. இதை யார் எழுதினார்கள், எந்த ஊரில், எந்த அறையில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர் ஒரு இரும்புக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்தார். சின்ன வயசில் கோயிலில் திவ்ய நற்கருணைக்கு முன் மணி அடிக்கும்போது முட்டி போட்டுக்கொண்டு ஒரு பயம் வருமே, பயம் என்று சொன்னால் போதாது, நம்மைவிடப் பெரியது நம் பக்கத்தில் வந்துவிட்டது என்கிற அது, அது வந்தது, பெட்ரோல் நாறும் போர்ட்டிகோவில், நைட்டியோடு நின்றவளுக்கு. "சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா? பானட்டைத் தூக்குங்க. விசிறிப் பக்கம் கை வேண்டாம், அது எப்ப வேணா சுத்தும். வயரைத் தொட்டு ஆட்டிப் பாருங்க, நம்பர் மாறுதான்னு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க."

பேச்சி அக்கா ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் ஸ்பீக்கரில் போட்ட என் போனுமாக நின்று வாசித்தார். "நாப்பது... நாப்பது... ஏளா, அதே நாப்பதுதான்... நாப்பது..." நான் அக்கா கொண்டுவந்திருந்த டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அனல் அடிக்கும் அந்த இருட்டுக்குள் ஒவ்வொரு வயராகத் தொட்டுப்போனேன், இதுவா, இல்லை, இதுவா, இல்லை, பிள்ளையின் தலைமயிரில் ஈர் தேடுகிற விரல்கள் எனக்கு உண்டு, அவை தேடின. தண்ணீர்க் குழாய் என்ஜினுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னப் பிளக். அதன் கழுத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஒன்று படிந்திருந்தது, உப்புக்காற்று செம்பைத் தின்றால் வருகிற பச்சை. தொட்டேன். "எம்பத்தி ஒண்ணு!" அக்கா கத்தினார். விட்டேன். "நாப்பது!" தொட்டேன். "எம்பத்தி ஒண்ணு! ஏளா, நீ தொட்டா அதுக்குக் காச்சல் இருக்குங்குது, விட்டா இல்லங்குது!" இனிகோ தோளிலிருந்து தலையைத் தூக்கினான். "காருக்குக் காச்சலா?" "ஆமா மக்கா. உன்ட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சு." அவன் சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை. ஒரு மயிரிழை உப்பு. என் தாழ்ப்பாளைத் தின்ற அதே உப்பு, இங்கேயும் வந்து ஒரு செம்பு நுனியில் உட்கார்ந்துகொண்டு, வண்டி முழுவதையும் பனிதேசத்துக்குக் கடத்தியிருக்கிறது, ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ராத்திரி என் பிள்ளையை என் கையில் வெட்டி இழுக்க விட்டிருக்கிறது. பயப்படவேண்டியது இவ்வளவு சின்னதா. சின்னது என்று தெரிந்ததும் பயம் குறையவேண்டும், எனக்கோ முதலில் கூடியது, பிறகு வேறு ஏதோ ஆனது, உப்பளம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சாது சொன்னபடி சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் பச்சையைத் தேய்த்து, திரும்ப மாட்டி அழுத்தினேன், கிளிக். அக்கா தன் சும்மாட்டுத் துணியின் ஓரத்தைப் பல்லால் கிழித்துக்கொடுத்தார், வயர் ஆடாமல் விசிறிக்கு எட்டாத பக்கமாகக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். "பத்து வருசமா உப்பு சுமந்த துணிளா. இனிமே அது உப்புக்குப் பயப்படாது." என்ஜினைக் கிளப்பினேன். எழுபத்தொன்பது. எண்பது. எண்பத்தொன்று. இருமல் இல்லை. பொய் இல்லை. "காலையில புதுசு மாட்டிடுறேன்" என்றார் மச்சாது. "ராத்திரி போகவேண்டி வந்து மறுபடி மூச்சு முட்டி நின்னுச்சுன்னா பயப்படாதீங்க. ஆக்சிலரேட்டரைத் தரையோட முழுசா மிதிச்சுட்டு சாவியைத் திருப்புங்க. முழுசா மிதிச்சா பெட்ரோலை நிப்பாட்டிட்டுக் காத்தை மட்டும் உள்ள விடும். மூச்சு வந்துரும், எழும்பிரும்." போனை வைக்குமுன், "கிளட்ச் விஷயம் நான் சொன்னதை மறந்துருங்க சிஸ்டர்" என்றார். முதுகு நிமிர்ந்தது, இந்தத் தடவை எனக்காகவே நிமிர்ந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா போனதும் வீடு அதே வீடாக இல்லை. கட்டிலில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இவனுக்குள்ளும் எங்கோ ஒரு மிளகு இருக்கிறது, மூளைக்கு அடியில், யாரும் பானட்டைத் தூக்கிப் பார்க்க முடியாத இடத்தில், சூடு எவ்வளவு என்று பிறந்ததிலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, என்றாவது ஒரு நாள் காய்ச்சல் வந்து கணக்கைக் கலைக்கும்போது மட்டும் உடம்பு கொதித்துக்கொண்டே குளுருது என்கிறது, மற்ற நாளெல்லாம், மற்ற ராத்திரியெல்லாம், நான் ஒன்றும் செய்யாமலேயே, நான் தூங்கும்போதும், அது சரியாகச் சொல்லியிருக்கிறது. சரியாகச் சொன்ன ராத்திரிகளை நான் எண்ணியதே இல்லை. எனக்குள்ளும் ஒன்று இருக்கும், அதன் நுனியிலும் உப்புப் படிந்திருக்கும், இல்லாவிட்டால் நான்கு நாள் சத்தம் இல்லாத ஒரு மனுஷனை எப்படி மைனஸ் நாற்பது என்று வாசித்தேன். வயர் அறுந்திருக்கலாம், அவ்வளவுதானே. கடல் பெரியது. போனை எடுத்து அவனுக்கு எழுதினேன், இனிகோவுக்குக் காய்ச்சல், வண்டி அடிக்கடி நின்றது, போன தடவை பிள்ளைக்கு வலிப்பு வந்ததை உன்னிடம் சொல்லவில்லை, நான் ரொம்பப் பயந்துபோயிருக்கிறேன். வாசித்துப் பார்த்தேன். மகளே, இதை வாசிச்சு அவர் அங்கே இருந்துக்கிட்டு என்ன செய்வார்? தெரியாது சிஸ்டர். தெரியாட்டி சும்மா இருக்கக்கூடாதாம். அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து நின்றது, போய்ச் சேர்ந்தால் விழும் இரண்டாவது டிக் வரவில்லை, வராததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் குளிர் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அசைவு. பதறித் திரும்பினேன், கண், முதலில் கண்ணைத்தான் பார்த்தேன், கண் நேராக என்னைப் பார்த்தது. "வேர்க்குதும்மா. ஃபேன் போடு." நெற்றியில் கை வைத்தேன், நனைந்திருந்தது, கழுத்து நனைந்திருந்தது, தலையணை நனைந்திருந்தது, இவ்வளவு ஈரத்தை நான் எந்தத் தீர்த்தத்திலும் தொட்டதில்லை. போர்வையை எடுத்துவிட்டு ஃபேனைப் போட்டேன். விர்ரென்று சுற்றியது. அந்தச் சத்தம் எனக்கு நல்ல பரிச்சயமாகிவிட்டிருந்தது. அவன் தூங்கிய பிறகு சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை, ஒரு சொட்டு எண்ணெய், கதவைத் திறந்து போட்டுத் தூங்கத் தோன்றியது, திருடனுக்கும் பேய்க்கும் காத்துக்கொண்டு விழித்திருக்கத் தோன்றியது, எண்ணெய் விடத் தோன்றவில்லை. துருவில் எண்ணெய் இறங்கியது. இங்கும் அங்குமாக இழுத்தேன், முரண்டியது, இழுத்தேன், முனகியது, இன்னும் ஒரு சொட்டு. இடது தோளில் தலையணையைப் பிள்ளை மாதிரிப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பார்த்தேன். வந்தது. மறுபடியும். வழுக்கிக்கொண்டு வந்தது. வெளியே கார் ஆறிக்கொண்டிருந்தது, டிக், டிக் என்று இரும்பு சுருங்குகிற சத்தம், உண்மையான சூடு உண்மையாகவே இறங்குகிற சத்தம். கதவைச் சாத்தி, உள்ளே நின்று, தாழ்ப்பாளைப் போட்டேன்.